நடுவரிசையில் ஓர் எழுத்து

இறால் உரிக்கிற கைக்கு எடை தெரியும்.
கண்ணாடிப் பெட்டியின் மேல் அவன் வைத்ததை
இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி
"ஒரு கிலோ தொள்ளாயிரம்" என்றேன்.
பூபாலன் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
சிரித்துக்கொண்டே போனில் தேடினான்.
பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு
"உட்காருங்கக்கா" என்றான்.

ரிச்சி தெருவில் மழை விட்டும் விடாத நேரம்.
தார்ப்பாய் வயிற்றில் தேங்கிய தண்ணீரை
யாரோ குச்சியால் குத்தி இறக்க
ஒயர்க் கட்டுகளின் மேல் கொட்டியது.
இது நான்காவது கடை.
முதல் கடையில் எல்லாம் புதுசு. முப்பத்தெட்டாயிரம்.
தவணைக்கு எத்தனை மாதம் என்று நான் கேட்பதற்குள்
ஜெனிட்டா கண்ணாடிக் கதவைத் தள்ளி
வெளியே போய் நின்றுகொண்டாள்.
இரண்டாவதில் மலிவு, திரைக்குக் குறுக்கே பச்சைக் கோடு.
"பாக்கப் பாக்கப் பழகிடும்."
மூன்றாவதில் எல்லாம் சரி,
ஒயரைப் பிடுங்கினதும் செத்தது.

தெருவில் மூன்று பெண்களுக்கு
அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி வந்தது.
அது வேறு வருஷம்.
இவள் பதினொன்றாவதுக்கு வந்தபோது
சீட்டுதான் வந்தது எனக்கு.
இருபதாயிரத்தை மூன்றாம் மாதமே தள்ளி எடுத்ததில்
கைக்கு வந்தது பதினாலாயிரத்து ஐந்நூறு.
போனது எவ்வளவு என்று
வீட்டில் யாரும் கணக்குப் போடவில்லை,
நானும் போடச் சொல்லவில்லை.

"ரேம் எவ்ளோ?"
"எட்டு."
"எஸ்எஸ்டியா?"
"புதுசா போட்டதும்மா."
"பழைய ஆளோட பாஸ்வேர்டு ஏதாவது உள்ள இருக்கா?"
எந்த ராத்திரி, யாருடைய போனில்
இதையெல்லாம் படித்தாளோ.
நான் என் பங்குக்கு
மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல்
மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.
கீல் இறுக்கமாகத்தான் இருந்தது.
முன்னவர் ஒட்டிப் பிய்த்த ஸ்டிக்கரின் பசை
இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது.

அவள் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து
ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக்கொண்டு வந்தாள்.
நடுவரிசையில் நின்றாள்.
திரும்ப அழுத்தினாள்.
அப்புறம் தன் பெயரை அடித்தாள்.
எனிட்டா என்று வந்தது.

"ஜே மட்டும் கொஞ்சம் ஓங்கி அடிக்கணும்" என்றான் பூபாலன்.
"கீபோர்டு மாத்தினா ஆயிரத்து இருநூறு ஆவும்."
"மாத்த வேணாண்ணா. கொறைங்க."
"ஒரு எழுத்துக்கா?"
"என் பேர்ல மொத எழுத்து அது."

பதினஞ்சு இருநூறு என்றவனை
இழுத்து இழுத்து
சரியாகப் பதினாலு ஐந்நூறில் நிறுத்தினாள்.
என் ஜாக்கெட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று
காலையிலிருந்து ஒரு தடவைகூட
என்னிடம் கேட்கவில்லை அவள்.

திரும்பும்போது கையில் ஒரு ரூபாய் இல்லை.
பெண்களுக்குப் பணம் கேட்காத பஸ்ஸுக்காக
சிம்சன் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம்.
ஜன்னல் சாரல் படாமல்
துப்பட்டாவால் போர்த்தி
காசிமேடு வரை மடியில் வைத்திருந்தாள்.
பெயருக்குப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்
மடிக்கணினி என்று.

இப்போது விளக்கை அணைத்தபின்
பாயில் படுத்துக் கேட்கிறேன்.
தொட்டிக்குள் ஓடு விழுகிற மாதிரி
மெல்ல மெல்ல எழுத்துகள்.
நடுவில் ஒரு டொக்.
பக்கத்து வீட்டு நாய்கூட ஒருமுறை குரைத்தது அதற்கு.
பெயர் போடுகிறாள் என்று தெரிந்துகொள்வேன்.
புதுப் பாடம் தொடங்குகிறது.
ஷெட்டுக்கு நாலு மணிக்கு எழ வேண்டும்,
ஆனாலும் அடுத்த டொக் வரை
தூக்கம் வருவதில்லை.

நேற்று கம்ப்யூட்டர் மிஸ் கேட்டாராம்:
லூப்புக்குள் லூப் வந்தால்
வகுப்பே ஐ, ஜே என்று போடுகிறது,
நீ மட்டும் ஏன் ஐ, கே?

"அந்த எழுத்தக் கடையிலேயே
எழுநூறு ரூபாய்க்கு வித்துட்டு வந்துட்டோம் மிஸ்."